போர்டு போச்சு, சார்!

வாஷிங் மெஷினின் மூடியைத் திறக்கும் முன்பே நோயைச் சொல்லிவிடும் ஞானம் நம்மூர் மெக்கானிக்குகள் சிலருக்கு உண்டு. தொட்டி நிரம்பியும் தண்ணீர் நிற்காமல் கொட்டுகிறதா? "போர்டு போச்சு, சார்." சொட்டுத் தண்ணீர் இல்லாமலே மெஷின் சுற்றத் தொடங்குகிறதா? அதற்கும் மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டுதான்.

உள்ளே நடப்பது என்னவோ எளிய சங்கதி. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே ஒரு சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏற ஏற, குழாயில் சிக்கிய காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தைத்தான் சென்சார் அளக்கிறது. தண்ணீரை அது கண்ணால் கண்டதே கிடையாது. களத்துக்கே போகாமல் கீழிருந்து வந்ததை நம்பிக் கையெழுத்துப் போடும் அதிகாரி மாதிரி. குழாயில் ஊசித்துளை விழுந்தால் காற்று கசிந்து, நிறைந்த தொட்டி 'காலி' என்று அறிக்கை போகும். சோப்புக் கசடு அடைத்துக் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டால், காலித் தொட்டி 'நிறைவு'.

அடைப்பென்றால் குழாயைக் கழற்றிக் கழுவினால் தீர்ந்தது. சென்சாரே கெட்டிருந்தாலும் ஒன்றிரண்டு திருகு, ஒரு கனெக்டர். பல மாடல்களுக்குச் சில நூறு ரூபாய்தான். போர்டோ ஆயிரக்கணக்கில். எது கெட்டால் நல்லது என்று கணக்குத் தெரிந்தவருக்குத் தெரியாதா? கழற்றிய பழைய போர்டும் அவர் பையோடு போய்விடும். அடுத்த தெருவில் அது உயிர்த்தெழுந்தால் வியக்காதீர்கள்.

ஆகவே வாசகரே, பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, முதல்ல அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்."