பிறக்கும் முன்பே குற்றப்பத்திரிகை

அமெரிக்கப் பத்திரிகைகளின் ஞானதிருஷ்டியை எப்படிப் புகழ்வது! கொக்கெய்ன் பழக்கமுள்ள 23 கர்ப்பிணிகளை வைத்து 1985-இல் மருத்துவர் ஐரா சாஸ்னாஃப் ஒரு சிறு ஆய்வு வெளியிட்டார். அவ்வளவுதான், புகைக்கும் கொக்கெய்னான கிராக்கின் பெயரால் 'கிராக் பேபி' என்று ஒரு புதுச் சாதியே பிறந்துவிட்டது. 1989-இல் பத்தி எழுத்தாளர் சார்லஸ் கிராத்தமர் வாஷிங்டன் போஸ்டில் எழுதினார்: இந்தப் பிள்ளைகள் உடற்கூற்றிலேயே தாழ்ந்துபோன வர்க்கமாம். நம்மூர் ஜோசியர் பிறந்த நேரமாவது கேட்பார்.

இப்படி ஒரு ஜாதகத்தோடு வரும் பிள்ளையை யார் தத்தெடுப்பார்? தாயிடம் அனுப்பவும் மனமில்லை, வளர்க்கவும் ஆளில்லை என்று பல சிசுக்கள் நியூயார்க் மருத்துவமனைகளிலேயே கிடந்தன. தாய்மாருக்கு வேறு உபசாரம். சார்ல்ஸ்டன் நகரில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து ஆஸ்பத்திரியே போலீசுக்குத் தகவல் கொடுத்தது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். தற்செயலாகத்தான் இருக்கும்! 2001-இல்தான் உச்ச நீதிமன்றத்துக்கு இந்தச் சோதனை உறுத்தியது.

பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் மட்டும் ஜோசியத்தை நம்பாமல் பிள்ளைகளையே பார்த்தார். 1989 முதல் 224 குழந்தைகள். பாதிப் பேர் கருவில் கொக்கெய்ன் பட்டவர்கள், பாதிப் பேர் படாதவர்கள், எல்லாருமே ஏழைகள். நான்கு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் கொக்கெய்ன் பட்ட பாதிக்குச் சராசரி 79, படாத பாதிக்கு 81.9. பெரிய வித்தியாசம் இல்லை. இரு தரப்புமே பின்தங்கியிருந்தது. ஏழு வயதுக்குள் இவர்களில் 35 சதவீதம் பேர் ஒருவர் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். வேறு ஆய்வுகளில் கவனத்திறனில் சிறு குறைகள் தெரிந்தது உண்மை. ஆனால் வறுமை செய்த நாசத்துக்கு முன் அது எம்மாத்திரம்? வறுமையை யார் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவது?

கருவின் மூளையை நிச்சயமாகக் கெடுப்பது மது. சியாட்டில் மருத்துவர்கள் 1973-இலேயே அந்தப் பாதிப்புக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மது விளம்பரம் கொடுக்கும் சரக்கு. கண்ணியமான வீட்டுப் பெண்களும் குடிப்பது. 'ஒயின் பேபி' என்று எந்தத் தலைப்புச் செய்தி வந்தது?

2018 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதித் தன் பங்குப் பிழையை ஒப்புக்கொண்டது. பெருந்தன்மைதான். 1989-இல் தத்தெடுக்க ஆள் வராமல் கிடந்த பிள்ளைக்கு அப்போது வயது 29. காலைக் காப்பியோடு அதையும் படித்துக்கொள்ளட்டும்.