பாயிண்டும் குளவியும்

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆத்தூர் ரோட்டில் கிழக்கே போனால் மின்னாம்பள்ளி, காரிப்பட்டி, வாழப்பாடி என்று ஊர் மாறிக்கொண்டே வரும். குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளிக் காடு, கண்ணில் படாமல் மட்டும் நெடுந்தூரம் போக முடியாது. எங்கள் குடும்பமும் அதை நட்டு, பிடுங்கி, மில்லுக்கு அனுப்பியே பிழைத்தது. நான் படித்து வாத்தியார் வேலைக்குப் போனதும் அந்தக் கிழங்குப் பணத்தில்தான்.

இந்த ஒரு பயிரைச் சுற்றி எத்தனை துறைக்காரர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். விலங்கியல் படிப்பவர் இலைக்கு அடியில் வெள்ளை ஈ தேடினார். வேதியியல்காரர் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் வாய்க்காலில் பாட்டிலைத் தோய்த்துத் தண்ணீர் எடுத்துப் போனார். இயந்திரவியல் மாணவர்கள் கிழங்குத் தோல் சீவ ஒரு மெஷின் செய்து பார்த்தார்கள். வணிகவியல் படிப்பவருக்கு 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் டெண்டர் விலை வேண்டும். பொது நிர்வாகம் படிப்பவருக்கு மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு அரசுத் திட்டம் எதுவரை போய்ச் சேருகிறது என்று தெரிய வேண்டும். 1997-ல் சேலத்துக்குப் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு இப்படி நோட்டும் பேனாவுமாக வருகிறவர்கள் இன்னும் அதிகமானார்கள். வந்த யாரையும் எங்கள் வீட்டில் மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. அவர்கள் எடுத்துப் போனது எனக்குத் தெரியும். திரும்பக் கொண்டுவந்தது எது என்பதைத்தான் இத்தனை வருஷமாகக் கவனித்து வருகிறேன்.

முதலில் வந்தது என் தாத்தா காலத்தில். அப்போது மேய்ச்சல் நிலம், வரப்பு, வண்டிப் பாதை எல்லாவற்றையும் சப்பாத்திக்கள்ளி பிடித்துக் கிடந்ததாம். வெட்டிப் போட்டால் வெட்டின துண்டு வேர் விடும். கொளுத்தினால் மழைக்குத் துளிர்க்கும். 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சி ஒட்டிய கள்ளி மடலை எடுத்துப் பூச்சியில்லாத புதரில் போட்டால் போதும், மிச்சத்தைப் பூச்சியே பார்த்துக்கொண்டது. சில வருஷங்களில் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் அந்தப் பூச்சி எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று சாகும் வரை தெளிவாகச் சொல்வார். அவரிடம் எந்தக் கேள்வித்தாளையும் யாரும் நீட்டியதில்லை.

அப்பா காலத்தில் ஆராய்ச்சி பஸ் மேலே கட்டுக் கட்டாக வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அங்கே ஒட்டுச் சேர்த்து 1971-ல் வெளியிட்ட எச் 165, எச் 226 என்ற ரகங்கள் இரண்டும் மலை தாண்டி இங்கே வந்துவிட்டன. ஒருவர் காட்டில் நன்றாக விளைந்தால் அடுத்தவர் வந்து விதைக்குச்சி கேட்பார். அந்த வேகத்துக்கு எந்த விரிவாக்கத் துறையும் ஈடு கொடுக்க முடியாது. அப்பா 'எச்' என்ற எழுத்து எதற்கு என்று கேட்டதில்லை. முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்ற ரகங்களுக்குப் பக்கத்தில் அதையும் ஒரு பெயராக வைத்துக்கொண்டார். சாயங்காலம் ரேடியோவில் 'வயலும் வாழ்வும்' வைத்துக் கேட்பார். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுத் தபால் கார்டு எழுதச் சொல்வார். பதில் வர நாளாகும். ஆனால் வரும், அதுவும் தமிழில் வரும்.

சேகோ தொழிலே கல்லூரியில் பிறந்ததல்ல. யுத்த காலத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்று போனது. அப்போது சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1943 வாக்கில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டிப் பார்த்தார்கள். அரைத்து, வடிகட்டி, மாவைப் படிய வைத்து, உருட்டி, வறுத்து, வெயிலில் காயப்போட்டு, எது சரி எது தப்பு என்று கைப்பக்குவத்திலேயே கண்டுகொண்டார்கள். இன்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் சேலம் ஜவ்வரிசிக்கு அதுதான் ஆரம்பம். இதை ஆராய்ச்சி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு காலம் மாறியது. வேலை உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும், கல்லூரியின் தர மதிப்பெண்ணுக்கும் கட்டுரை வேண்டும் என்று ஆனது. காசு கட்டினால் எதையும் அச்சடித்துத் தரும் இதழ்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018-ல் ஒரே சமயத்தில் 4,305 இதழ்களை நீக்கியது என்றால் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். அதனால் எல்லா ஆராய்ச்சியும் பொய் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக உழைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து கணக்கெடுத்தவர்கள் அவர்கள். ஆய்வேடுகளை இப்போது 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இது பெரிய காரியம். அந்தக் காலத்தில் நூலக அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தவை இவை. ஆனால் கிழங்கு போட்டவனுக்குப் புரியும் மொழியில் அதில் எத்தனை பக்கம்? என் அண்ணன் சொன்ன பதில்கள் எத்தனையோ அட்டவணைகளில் சதவீதமாக இருக்கும். அவருக்கு அந்த அட்டவணையை எடுத்துக் காட்டியவர் ஒருவருமில்லை. தபால் கார்டு காலத்தில் பத்து நாளில் வந்த பதில், நொடியில் செய்தி போகிற இந்தக் காலத்தில் வரவேயில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இப்படி இருக்கும்போதுதான் மாவுப்பூச்சி வந்தது.

மாவுப்பூச்சி எங்களுக்குப் புதிதல்ல. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் தென்பட்ட ஒரு வகை இங்கே குச்சிக்கிழங்கையும் பிடித்து ஆட்டியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து அதை அடக்கினார்கள். 2020-ல் வந்தது வேறு ஜாதி. இளஞ்சிவப்பு உடம்பின் மேல் மாவு தூவினாற்போல் இருக்கும். முதலில் திருச்சூர்ப் பக்கம் கண்டுபிடித்தார்கள், பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் நாமக்கல்லுக்கும் பரவிவிட்டது. இதில் ஆண் வேண்டியதில்லை, ஒரு பெண் பூச்சி தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். நுனிக் குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, குருத்து முடிச்சுப் போட்டதுபோல் சுருண்டு நின்றுவிடும். அண்ணன் காட்டில் ஒரு மூலையில் ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் ஆள் உயரம் வளர வேண்டிய செடியெல்லாம் முழங்காலோடு நின்றது. மருந்துக் கடைக்காரர் ஒன்றைக் கொடுத்தார். அது கேட்கவில்லை என்று இன்னொன்று, பிறகு இரண்டையும் கலந்து. சுருண்ட குருத்துக்குள்ளே மருந்து இறங்கினால்தானே? செலவு ஏறியது, பூச்சி இறங்கவில்லை. அந்தக் காட்டிலேயே வெட்டிய குச்சியை அடுத்தவர் நடவுக்கு வாங்கிப் போனார். பூச்சியும் கூடவே போனது.

இதே பூச்சி ஐம்பது வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவைப் பட்டினியில் தள்ளப் பார்த்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் காங்கோவில் தலைகாட்டி, நாடு நாடாகப் பரவியது. பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதால் அதன் எதிரியையும் அங்கேயே தேடினார்கள். 1981-ல் பராகுவேயில் கிடைத்த ஒரு சின்னக் குளவியை ஆப்பிரிக்காவில் வளர்த்து விட்டார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. குச்சிக்கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததுதான். பயிர் முதலில் வந்து நூற்றாண்டுகள் கழித்துப் பூச்சி வந்தது. பூச்சியின் பகைவனையும் நாமே போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

பெங்களூரில் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை 2021-ல் வரவழைத்தவர்கள் அவர்கள்தான். ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டில் விடுவது விளையாட்டல்ல. அனுமதி, தனிமைக் கூடம், வேறு நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்ற சோதனை எல்லாம் முடிந்தாக வேண்டும். பொது நிர்வாகத்தை நாம் திட்டித்தான் பழக்கம். அந்தக் கோப்புகள் ஒழுங்காக நகர்ந்ததால்தான் எங்கள் காடு பிழைத்தது என்பதை நான் எங்கும் சொல்வேன். 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நாட்டிலேயே முதன்முறையாக அதைக் களத்தில் விட்டார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறினால் அதே ரோட்டில் வாழப்பாடி தாண்டிப் போய் இறங்குகிற இடம் அது.

பிறகு குளவி அடைத்த குப்பிகள் விவசாயிகள் கைக்கு வந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது, மருந்து அடிக்கக் கூடாது. அண்ணனுக்கு அதுதான் கஷ்டம்.

"பூச்சி திங்கறதைக் கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார்.

"மருந்தடிச்சா முதல்ல குளவிதாங்க சாகும். கொஞ்ச நாள் பொறுங்க. பொறுக்க முடியலைன்னா ஃபோன் பண்ணுங்க, நாங்க வந்து பாக்கறோம்" என்றார் வந்த அலுவலர்.

அவர் சொன்னபடி வந்து பார்த்தார். ஒரு குருத்தைப் பிரித்து, லென்ஸை அண்ணன் கையில் கொடுத்தார். நானும் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி, மாவுப்பூச்சியின் முதுகைக் கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தால் குத்தி முட்டையை உள்ளே வைத்தது. பக்கத்தில் பழுப்பாக ஊதிச் செத்த பூச்சிகள், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே பொரித்த குளவிக்குஞ்சு பூச்சியைத் தின்று வளர்ந்து வெளியேறிய வாசல் அது. அண்ணன் வெகுநேரம் லென்ஸைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரரைக் கூட்டி வந்து அவரே காட்டினார். ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, ஊதியும் ஓட்டை இல்லாவிட்டால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பாடம் எடுத்தார். மெல்ல மெல்லக் குருத்து நிமிர்ந்தது. எங்கள் பக்கம் இப்போது ஸ்ப்ரேயரைத் தூக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் உண்டு.

பூச்சியோடு கவலை தீர்ந்ததா என்றால் இல்லை. தேமல் நோய் அப்படியே இருக்கிறது, வெள்ளை ஈ கடத்திக்கொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை பாயிண்ட். மில்லில் கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். வண்டியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து நிறுத்து, அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்துப் பாயிண்ட் சொல்லிவிடுவார்கள். பாயிண்ட் குறைந்தால் வருஷ உழைப்பு குறைந்த மாதிரி. லோடு மில் வாசலுக்கு வந்த பிறகு அதைத் திருப்பி ஓட்டிப் போக முடியாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். அப்பா காலம் முதல் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

சமீபத்தில் ஒரு பெண் வந்தாள், சேகோ மில் தொழிலாளர்களைப் பற்றிப் பொது நிர்வாகத்தில் ஆய்வு. வழக்கம்போல் கேள்விகள் கேட்டு முடித்து எழுந்தபோது அண்ணன் கேட்டார். "எல்லாத்தையும் நாங்களே சொல்றோம் கண்ணு. எங்களுக்கு ஒண்ணு நீ சொல்லேன். அந்த பாயிண்டை எப்படித்தான் பாக்கறாங்க?"

அவளுக்கு அது பாடமில்லை. ஆனால் விட்டுவிடவில்லை. விடுதித் தோழி ஒருத்தி இயற்பியல் படிக்கிறாளாம், இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். கடையில் விற்கும் கொக்கித் தராசு ஒன்று, ஒரு நைலான் வலை, வாசலில் கிடந்த தண்ணீர் டிரம். மண் போகக் கழுவிய கிழங்கு ஐந்து கிலோ நிறுத்தார்கள். வலையோடு தண்ணீருக்குள் முழுக்க இறக்கி மறுபடி நிறுத்து, வெறும் வலையின் எடையைக் கழித்தார்கள். 450 கிராம். மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது, அதனால் சத்து கூடக் கூடத் தண்ணீருக்குள் காட்டும் எடையும் கூடும் என்று அந்தப் பெண் விளக்கினாள். ஐந்து கிலோவில் அந்த 450 கிராமைக் கழித்தால் நாலரை சொச்சம், ஐந்தை அதனால் வகுத்தால் அடர்த்தி 1.1 வரும். வேறு ஒரு வயலில் எடுத்த, பத்து மாதம் முழுதாக முற்றிய கிழங்கை இறக்கினார்கள். தண்ணீருக்குள் முள் இன்னும் கீழே போய் நின்றது. முற்றாமல் பிடுங்கினால் எங்கே நஷ்டம் என்று அண்ணனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. தண்ணீரில் மண் கலங்கினாலும் தராசு சரியாகத் தொங்காவிட்டாலும் கணக்கு மாறும் என்பதையும் அவரே இரண்டு தரம் இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவள் அந்தக் கணக்கை ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதை பம்ப்செட் அறையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். இந்தப் பட்டத்தில் ஆள் விட்டுப் பிடுங்குவதற்கு முன் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு செடி பிடுங்கி நிறுத்துப் பார்த்தார். மில்லுக்குப் போகிற வண்டியில் தராசும் வலையும் கூடவே போயின. அங்கே அவர் சண்டை போடவில்லை. வீட்டில் பார்த்த எண்ணை மட்டும் சொல்லி, "இன்னொரு தரம் நிறுத்துப் பாத்துடலாங்களா?" என்று கேட்டார். நிறுத்தார்கள்.