பதினோராவது ஆள்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்ததும் மண்டபம் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கத்து மைதானங்களில் சேறு காய்ந்து, பந்து எழும்புகிற அளவுக்குத் தரை இறுகுவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். சென்னையில் சண்டே கிரிக்கெட் டீம் நடத்தும் மனிதருடைய கஷ்டம் முழுவதும் இந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

டீமில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். செயலாளர், பொருளாளர், கிட் பேக் தூக்குபவர், கீப்பர் வராவிட்டால் கீப்பர் எல்லாமும் அவர்தான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மென்பொருள் கம்பெனியிலோ வேலை. கவர் டிரைவ் நன்றாக ஆடுவார் என்று கேள்வி. பார்த்தவர்கள் அதிகம் இல்லை. பத்தாவதாக இறங்குகிறவருக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? அவருடைய நிஜமான திறமை எண்ணுவதில் இருக்கிறது. பதினொன்று வரை.

கிரிக்கெட் சட்டத்தின் முதல் விதியே ஒரு அணிக்கு 11 பேர் என்று சொல்கிறது. இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டால் கூட்டியோ குறைத்தோ ஆடலாமாம். ஆனால் ஒரே நேரத்தில் 11 பேருக்கு மேல் ஃபீல்டிங் நிற்கக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை மீறும் ஆபத்து அவருக்கு இன்றுவரை வந்ததில்லை.

புதன்கிழமை இரவு வாட்ஸப் குழுவில், "சண்டே காலை 6.30, கேளம்பாக்கம் கிரவுண்ட். பேர் போடுங்க" என்று எழுதி, கீழே 1 போட்டுத் தன் பெயரைச் சேர்ப்பார். அடுத்தவர் அதை அப்படியே காப்பி பண்ணி, 2 என்று தன் பெயரையும் சேர்த்து மறுபடி போட வேண்டும். ஆறு வரை பட்டியல் ஒழுங்காக வளரும். பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில் காப்பி பண்ணுவார்கள், இருவருமே 7. மூன்றாமவர் பழைய பட்டியலை எடுத்து ஒட்டுவார். ஆறாவது ஆள் காணாமல் போய்விடுவார். காணாமல் போனவருக்கு ரோஷம் வரும். "என்னை எடுக்க இஷ்டம் இல்லேன்னா நேராவே சொல்லிடலாமே." அவரைச் சமாதானம் செய்வதற்குள் மூன்று பேர் வெறும் கட்டை விரலை மட்டும் போட்டிருப்பார்கள். வருகிறேன் என்பதற்கா, பார்த்தேன் என்பதற்கா? போட்டவர்களுக்கே தெரியாது.

குழுவில் வாக்கெடுப்பு நடத்தும் வசதி வந்தபோது கேப்டன் மிகவும் நம்பினார். 'வருவேன்', 'வர மாட்டேன்' என்று இரண்டு வைத்தார். பலரும் கேட்டுக்கொண்டதால் 'பார்க்கலாம்' என்று மூன்றாவதையும் சேர்த்தார். 'பார்க்கலாம்' அமோக வெற்றி பெற்றது. மற்ற இரண்டும் டெபாசிட் இழந்தன.

ஆகவே வியாழக்கிழமையிலிருந்து போன்.

"மச்சி, சண்டே இருக்கே இல்ல?"

"வரணும்னுதான் பாக்கறேன். அத்தை பையனுக்குக் கல்யாணம்."

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுலேர்ந்து பத்தரை."

"அப்ப ஓபனிங் இறங்கு. ஏழரைக்கெல்லாம் அவுட்டாயிடுவே, நேரா மண்டபத்துக்குப் போயிடலாம்."

இதில் கிண்டல் இல்லை. அந்த நண்பரின் போன சீசன் ஸ்கோர்களை வைத்து, வருமான வரிக் கணக்குப் போடுகிற நிதானத்தோடு சொன்னது.

இளவட்டங்களிடம் வேறு பேச்சு. "ணா, நான் எத்தனாவது இறங்குறேன்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வருவதா வேண்டாமா என்பது பதிலைப் பொறுத்தது. கேப்டன் கூசாமல் "ஒன் டவுன்" என்று சொல்லிவிடுவார். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு பேருக்கு ஒன் டவுன் கொடுத்திருக்கிறார். நால்வரும் வந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால்தானே யோசிக்க வேண்டும்?

ஆள் சேர்க்கிற இந்தத் தொழிலுக்குச் சென்னையில் நல்ல பரம்பரை உண்டு. புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பையன்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்து ஆட வைத்தார். சேப்பாக்கத்து வெள்ளைக்காரர்களோடு இந்தியர் அணி மோத ஏற்பாடு செய்தார். 1908-ல் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலேயே இறந்துபோனார். பிற்பாடு பொங்கலை ஒட்டி வருஷா வருஷம் சேப்பாக்கத்தில் நடந்த பிரசிடென்சி மேட்ச் அவர் எண்ணத்தில் பிறந்தது. கேப்டனுக்கு இந்த வரலாறு மனப்பாடம். பொங்கல் சமயத்தில் ஆள் கூட்டி மேட்ச் ஆடுவது தன் கிறுக்கு இல்லை, ஊர் வழக்கம் என்று வீட்டில் வாதாட அவரிடம் வேறு சாட்சி கிடையாது.

சீமையிலும் இந்த இனம் உண்டு. 'பீட்டர் பான்' எழுதிய ஜே. எம். பேரி, எழுத்தாள நண்பர்களைத் திரட்டி ஒரு டீம் நடத்தினார். அதில் ஒழுங்காக ஆடத் தெரிந்தவர் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில். 1900-ல் வேறோர் ஆட்டத்தில் டபிள்யூ. ஜி. கிரேஸையே அவுட்டாக்கியவர். பேரி பந்து வீசினால் அது எதிர்முனைக்குப் போய்ச் சேருமா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு வேகம். அதை அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். நம் கேப்டனின் டீமில் பேரிகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். டாயில் ஒருத்தர்தான். அவருக்கும் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட்.

சீசன் தொடங்கும்போது புது ஜெர்சி வேண்டும். உபயம், யாராவது ஒருவருடைய மைத்துனரின் இன்டீரியர் கடை. 7-ஆம் எண்ணை நான்கு பேர் கேட்பார்கள். தோனி அணிந்தது என்று கிரிக்கெட் வாரியமே 2023-ல் அதை இனி யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்துவிட்டது. கேப்டனுக்கு அந்த அதிகாரம் இல்லை. 7, 07, 77, 007 என்று பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார். அளவுதான் பிரச்சினை. எல்லோரும் போன வருஷத்து அளவையே சொல்கிறார்கள். வயிறு மட்டும் இந்த வருஷத்தது.

ஜெர்சிக்கு அடுத்தது புது மட்டை. யாராவது ஒருத்தர் கடன் அட்டையில் இங்கிலிஷ் வில்லோ வாங்கியிருப்பார். அதற்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் மணிக்கணக்காகத் தட்டிப் பதமாக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பந்து பட்டதும் ஓரம் பிளந்துகொள்ளும். இவர் ராத்திரி பத்து மணிக்குமேல் பால்கனியில் உட்கார்ந்து டொக், டொக், டொக் என்று தட்ட, கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுப்பார். தட்டல் பாதியில் நின்றுவிடும். முதல் மேட்ச், முதல் யார்க்கர், அடிமட்டையில் ஒரு சில்லு எகிறும். ஸ்டம்பும் எகிறியிருக்கும், ஆனால் அவர் குனிந்து தேடுவது மட்டையின் சில்லைத்தான்.

ஞாயிறு காலை 6.20. மைதானத்தில் கேப்டனோடு ஆறு பேர். ஒருவர் டீக்கடையில். சீமைக் கருவேல வேலிக்கு அந்தப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேப்டன் தலை திரும்புகிறது. டாஸுக்கு முன் பிட்ச்சைக் குனிந்து பார்த்தார், கட்டை விரலால் அழுத்தினார், மண்ணை ஊதினார். டிவியில் எல்லோரும் செய்வதால் செய்வது. அவர் முடிவெடுப்பது கேட்டைப் பார்த்து. ஆறு பேரை வைத்துக்கொண்டு பேட்டிங் செய்யலாம், ஃபீல்டிங் செய்ய முடியாது. ஜெயித்ததும் "பேட்டிங்" என்றார். எதிரணி கேப்டன் முகம் தொங்கிவிட்டது. அவர் பக்கம் ஏழு பேர்.

மைதான வாடகையிலேயே அம்பயர், பந்து, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்தி. பேடு, கிளவுஸ், அடிவயிற்றுக் கார்டு டீமின் பொறுப்பு. டீமில் பேடு மூன்று செட், கார்டு இரண்டு. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ், ஹெல்மெட் பட்டையும் அறுந்துபோக, குறித்த 2 நிமிஷத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை. வங்கதேசம் அப்பீல் செய்து அவரை 'டைம்டு அவுட்' ஆக்கியது. உலகமே நியாய அநியாயம் பேசியது. பொது விதியில் அதற்கு 3 நிமிஷம் உண்டு. கேளம்பாக்கத்தில் அதுவும் எந்த மூலைக்கு? அவுட்டானவர் வேப்பமரத்தடிக்கு நடந்து வர வேண்டும். அது அவுட்டே இல்லை என்பதை விளக்க வேண்டும். அம்பயரின் கண்ணாடி பவர் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு பேடு கழற்ற வேண்டும். அதற்கும் பிறகு, சற்றுத் திரும்பி நின்று, கார்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் அதை இரண்டு விரலால் பிடித்து, தண்ணீர் கேனைத் தேடிப் போவார். ஆறேழு நிமிஷம் ஓடிவிடும். எதிரணி அப்பீல் செய்வதில்லை. அங்கேயும் கார்டு இரண்டுதான்.

ஸ்கோர் எழுதுவது இப்போது கிரிக்ஹீரோஸ் செயலியில். பந்துக்குப் பந்து மொபைலில் ஏறிவிடுகிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும், குறிப்பாக மாமனார் வீட்டிலிருந்து, பார்க்கலாம். இது வந்ததிலிருந்து ஒரு புது வழக்கும் வந்துவிட்டது. பந்து பேடில் பட்டு ஓடியதற்கு ஸ்கோரர் லெக் பை போட்டால், நடு மைதானத்திலிருந்து கத்தல்: "பேட்ல பட்டுச்சு, பாஸ்! எனக்குப் போடுங்க!" அந்த ஒரு ரன்னோடு அவருடைய மொத்தக் கணக்கு 200-ஐத் தொடும். நான்கு சீசன் சேர்த்து.

முதல் மேட்ச்சில் 74 ரன். பத்துப் பேர்தான் வந்திருந்ததால் ஒன்பதாவது விக்கெட்டோடு ஆல் அவுட். கேப்டன் 4 நாட் அவுட். பதினோராவது ஆள் "சோழிங்கநல்லூர் சிக்னல்ல இருக்கேன்ணா" என்று தகவல் கொடுத்திருந்தார். முக்கால் மணி நேரத்துக்கு முன்பும் அதே சிக்னலில்தான் இருந்தார்.

தொங்கிய தலைகளைப் பார்த்து கேப்டன் ஒரு பேச்சுப் பேசினார். இடைவேளைப் பேச்சுக்கு அவரிடம் ஒரே சரக்கு. 1934 நவம்பர் 4, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், நம்ம சேப்பாக்கம். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48-க்கு ஆல் அவுட், மறுபடி 59-க்கு ஆல் அவுட். ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட். மெட்ராஸ் அடித்ததே 130தான், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. "மைசூர் எந்த இன்னிங்ஸ்லயும் அடிக்காததை நாம ஒரே இன்னிங்ஸ்ல அடிச்சிருக்கோம். போங்க, டிஃபெண்ட் பண்ணுங்க." கணக்கு சரி. பந்து வீசத்தான் ஆள் வேண்டும்.

ஆள் இருந்தார். முப்பத்தெட்டு வயது, கல்லூரி நாட்களில் வேகப்பந்து. வேகம் போய்விட்டது, ஓட்டம் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது: இருபது தப்படி. இடைவேளையில் வெண்பொங்கலும் மெதுவடையும் வேறு உள்ளே போயிருந்தன. முதல் ஓவரை முடித்தார். இரண்டாவது ஓவரின் மூன்றாம் பந்துக்கு ஓடி வரும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு அம்பயரைத் தாண்டி ஓடி, பிட்ச்சையும் தாண்டி, மிட்விக்கெட்டில் போய் உட்கார்ந்தார். வலி ஸ்ப்ரே எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். களத்தில் மிஞ்சியவர்கள் ஏழு. எதிரணி பெருந்தன்மையோடு ஒரு ஆளைக் கடன் கொடுத்தது. அவர் லாங் ஆனில் நின்று, தன் சொந்த அண்ணன் தூக்கி அடித்த பந்தைக் கைக்குள் வாங்கி, மரியாதையாகக் கீழே வைத்தார்.

பதினோராவது ஓவரில் எல்லாம் முடிந்தது. இரண்டு டீமும் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது, துவைத்து இஸ்திரி போட்ட 007 ஜெர்சியோடு ஒருத்தர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"ணா, டாஸ் யாரு ஜெயிச்சா?"

இரண்டாவது ஞாயிறு பெரிய முகூர்த்த நாள். இவர்கள் பக்கம் ஒன்பது பேர், அவர்கள் பக்கம் எட்டு. ஒரு ஆள் வித்தியாசத்தில் ஜெயித்ததாகச் சொன்னால் தப்பில்லை. வெற்றிச் செய்தி போட்டதும் குழுவில் கைதட்டல், கோப்பை, தீப்பொறி என்று குவிந்தது. ஆடியவர்களைப்போல் மூன்று மடங்குப் பேர் கொண்டாடினார்கள். மைதானக் காசுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேப்டன் அடுத்த வரியில் போட்டதும் கொண்டாட்டம் நின்றுவிட்டது. "ஈவினிங் ஜிபே பண்ணிடறேன்ணா" என்று ஒருவர் மட்டும் எழுதினார். எந்த ஈவினிங் என்று சொல்லவில்லை.

அந்த ஆட்டத்திலும் கேப்டன் நாட் அவுட், 1 ரன். இரண்டு ஆட்டத்திலும் அவுட்டாகாதவருக்குச் சராசரி போட வழியில்லை. செயலியில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். பிராட்மேனுக்கே 99.94தான் என்று அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது ஞாயிறு அவர் டீமுக்கு மேட்ச் இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, முதல் ஞாயிறு ஜெயித்த அந்த எதிரணி கேப்டனிடமிருந்து போன்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. நாளைக்கு எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. ரெண்டு பேர் கல்யாணம்னு கடைசி நேரத்துல கழட்டிக்கிட்டாங்க. வாட்ஸப்ல யாரைக் கேட்டாலும் பார்க்கலாம்கிறாங்க. நீங்க வர முடியுமா?"

இந்த வேதனையின் ஒவ்வொரு வரியும் கேப்டனுக்குத் தெரியும். அவர் ஹாலில் இரண்டு நடை நடந்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வரலாம் சார். பேட்டிங்ல நான் எத்தனாவது?"