பிரித்துத் தைத்தால் போதும்: கேள்வி-பதில்

கே: குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பழைய ஜாக்கெட் ஒன்றுகூடச் சேரவில்லை. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதிதாகத் தைக்கட்டுமா?
(வாசகி, தேனி)

ப: கொடுத்துவிடாதீர்கள். ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல டெய்லர் கை ஓரத்தில் ஆரம்பித்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையலாக இறக்கி, அதற்கு வெளியே துணி விட்டிருப்பார். பலர் அந்தத் துணியிலேயே இன்னும் இரண்டு தையல் போட்டு வைத்திருப்பார்கள். உள் தையலைப் பிரித்தால் அங்கேயே வேலை முடிந்தது. இல்லையென்றால் நீங்களே போடலாம். இரண்டு பக்கமும் தையலை அரை அங்குலம் வெளியே தள்ளினால், முன்துண்டிலும் பின்துண்டிலுமாகச் சுற்றளவு 2 அங்குலம் கூடும்.

உள்ளே துணியே விடவில்லையா? பீரோவில் கிடக்கும் மிச்ச பிளவுஸ் பிட்டில் பட்டை வெட்டி, அக்குளிலிருந்து கீழ்வரை இணைத்துத் தையுங்கள். கையை இறக்கினால் பட்டையும் தெரியாது, பழைய தையல் தடமும் தெரியாது. அளவு மட்டும் குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு முன், மார்பு நிறைந்திருக்கும்போது எடுங்கள். கொடுத்த பின் எடுத்த அளவு அடுத்த வேளைக்குள் இறுக்கும்.

கே: கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன். பழகிவிடாதா?
(வாசகி, விருதுநகர்)

ப: பழகாது, பால் கட்டும். இறுக்கமான உடையும் உள்ளாடையும் மார்பை அழுத்தினால் அந்த இடத்தில் வலியும் வீக்கமும் வரும். காய்ச்சலும் சேர்ந்தால் டாக்டரிடம் போங்கள். ஜாக்கெட்டை இன்றே பிரியுங்கள்.

கே: வேலைக்குச் சுடிதாரில்தான் போகிறேன். பால் எடுக்க ஒவ்வொரு தடவையும் டாப்ஸை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. இருக்கிற டாப்ஸிலேயே ஜிப் வைக்க முடியுமா?
(வாசகி, கோவை)

ப: முடியும். பிரின்சஸ் கட் டாப்ஸாகத் தேர்ந்தெடுங்கள். மார்பின் மேல் ஓடும் அந்த நெடுக்குத் தையலில் 7 அங்குலத்தை மட்டும் பிரித்து, மறைவு ஜிப் வைத்துத் தைத்தால் வெளியே பார்ப்பவருக்கு அது பழைய தையல்தான். துணியில் கத்திரி படவே இல்லை என்பதால், பின்னால் ஜிப்பை எடுத்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்ளலாம். நைலான் ஜிப் வாங்குங்கள். ஜிப்புக்கு உள்பக்கம் மெல்லிய காட்டன் பட்டை ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள், பல் உங்களை உரசாது. ஜிப்பின் அடிமுனை குழந்தையின் கன்னத்தில் படும் இடம், அதையும் துணியால் மூடித் தையுங்கள். நெடுக்குத் தையல் இல்லாத டாப்ஸை வெட்டுவதற்கு முன் பழைய நைட்டி ஒன்றில் தைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஜிப் வைத்த கையோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

கே: ஹூக் அறுந்துவிட்டால் சேஃப்டி பின் குத்திக்கொள்ளலாமா?
(வாசகி, திருவாரூர்)

ப: மார்பின் பக்கத்தில் குழந்தை முகம் இருக்கும்வரை பின்னே வேண்டாம். டிச் பட்டன் வைத்து, இழுத்தாலும் வராதபடி கெட்டியாகத் தையுங்கள். தளர்ந்த பட்டன் குழந்தையின் வாய்க்குள் போய்விடும்.

கே: ஜாக்கெட் முன்பக்கம் நனைந்து கறையாகிறது. வெந்நீரில் ஊறவைத்தும் போகவில்லை.
(வாசகி, காரைக்குடி)

ப: வெந்நீர்தான் காரணம். பாலில் புரதம் இருக்கிறது, சூட்டில் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், பிறகு சோப்பு. பழைய காட்டன் வேட்டியை வட்டமாக வெட்டி, நாலைந்து மடிப்பு அடுக்கி, ஓரம் அடித்தால் உள்ளே வைக்கும் பேட் தயார். நனைந்த உடனே மாற்றுங்கள், வெயிலில் காயவையுங்கள்.

கே: சிசேரியன் ஆனது. கால் மெஷின் எப்போது மிதிக்கலாம்?
(வாசகி, கடலூர்)

ப: டாக்டர் சொன்ன பிறகு. அதுவரை கைத்தையல் போதும்.

கே: பஸ்ஸில் குழந்தை அழுதால் எல்லோரும் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, திண்டுக்கல்)

ப: பசிக்கிற குழந்தைக்குப் பால் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. முன் ஹூக் ஜாக்கெட்டில் கீழ் ஹூக்குகளை மட்டும் கழற்றினால் போதும், மேல்பக்கம் மூடியே இருக்கும், மீதியை முந்தானை பார்த்துக்கொள்ளும். சுடிதாரென்றால் துப்பட்டாவைத் தோளில் நிறுத்த ஒரு சின்னப் பட்டியும் டிச் பட்டனும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். அது உங்களுக்காகக் கட்டிய அறை.

கே: மனைவி ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. பகலில் தைக்க உட்காருகிறாள். எனக்குத் தையல் தெரியாது. நான் என்ன செய்ய?
(வாசகர், ஈரோடு)

ப: பிரிக்கத் தெரிந்தால் போதும். பழைய தையலைப் பிரித்து, நூலைப் பொறுக்கி, அயர்ன் பண்ணிக் கொடுங்கள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளித்திண்ணைக்குப் போய்விடுங்கள்.

கே: லேடீஸ் டெய்லர் நான். இதற்கெல்லாம் எங்களிடம் வந்தால் ஆகாதா?
(வாசகி, மதுரை)

ப: தாராளமாக ஆகும். உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்கும் வளைகாப்புப் பெண்ணுக்கும் தைக்கும்போது பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் துணி விடுங்கள். ஹூக் முன்னாலா பின்னாலா என்று அவர்களையே கேளுங்கள்.