அக்ரிங்டன் ஸ்டான்லியின் மனிதவள அதிகாரி

ஒரு கால்பந்து கிளப்பை நாமே நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டான 'ஃபுட்பால் மேனேஜர் 2007' எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வந்து சேர்ந்த காலத்தில் கோச் என்றால் எங்களுக்கு ஆள் கிடையாது, ஸ்டார். உடல் வலு, ஓட்டம், கோல்கீப்பிங், வியூகம், பந்துக் கட்டுப்பாடு, தடுப்பு, தாக்குதல், ஷூட்டிங், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரியானவை) என்று பயிற்சித் திரையில் வரிசையாகப் பிரிவுகள் இருக்கும். யாரை எதில் போட்டால் எத்தனை ஸ்டார் என்று திரையே சொல்லிவிடும். உச்சம் 7 ஸ்டார். நட்சத்திர ஓட்டலுக்கே ஐந்துதான் என்று கேள்விப்பட்டிருந்த எங்களுக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட கிளப் அக்ரிங்டன் ஸ்டான்லி. இங்கிலாந்தின் லங்காஷையரில் ஒரு பழைய பஞ்சாலை ஊர். முந்தைய கிளப் கடன் தாங்காமல் 1962-இல் லீக்கை விட்டே போய்விட்டது. அதே பெயரில் பின்னால் தொடங்கிய கிளப் 2006-இல்தான் லீக்குக்குள் நுழைந்தது. பால் குடிக்காவிட்டால் அந்த கிளப்புக்கு ஆடத்தான் லாயக்கு என்று ஒரு பையன் சொல்ல, 'அது யாரு?' என்று இன்னொருவன் கேட்பதாக பிரிட்டிஷ் டிவியில் ஒரு விளம்பரமே வந்திருக்கிறது. எங்களுக்கு அதுதான் வசதி. யாருக்கும் தெரியாத கிளப்பில் யாரை வேலையை விட்டு அனுப்பினாலும் ஏனென்று கேட்க நாதியில்லை.

முதல் நாளே அனுப்பினோம். பாக்கி ஒப்பந்தத்துக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஸ்டாஃப் மொத்தத்தையும் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, தேடல் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவோம். மவுஸ் கையில் இருப்பவன் அறிவிப்பான்:

"மாப்ள, இவன் டிஃபென்ஸுக்கு அஞ்சு ஸ்டார் காட்றான். எடுத்துரலாமா?"

"பேரென்ன?"

"பேரெதுக்குடா? அஞ்சு ஸ்டார்."

அந்த ஐந்து ஸ்டார்காரரை இரண்டு சீசன் கழித்து ஆறு ஸ்டாருக்காகத் துரத்தினோம். அவருக்கு வயது என்ன, எங்கே ஆடினார், மனைவி மக்கள் உண்டா என்பதெல்லாம் எங்கள் தலைவலி இல்லை. செட் பீஸ் பிரிவு பட்டியலின் கடைசியில் இருந்ததால் மிச்சம் யார் இருக்கிறாரோ அவர் தலையில் அதைக் கட்டுவோம். சம்பள பட்ஜெட் பார்த்தது போக நேரமிருந்தால் மேட்ச் பார்ப்போம்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. விளையாட்டுக்கும்தான். ஆடுவது 'ஃபுட்பால் மேனேஜர் 2024'. ஸ்டார் ஏழிலிருந்து ஐந்தாக இறங்கிப் பல வருஷமாகிறது, விலைவாசி இறங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான். கிளப் அதே அக்ரிங்டன். ஆனால் இம்முறை யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எக்செல்லில் ஒரு ஷீட் போட்டு, ஸ்டாஃப் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன். வயது, லைசென்ஸ், ஒப்பந்தம் முடியும் மாதம், ஒவ்வொரு திறனுக்கும் விளையாட்டு தரும் 1 முதல் 20 வரையிலான எண்கள். தாக்குதல் சொல்லித் தருகிறவரானாலும் தடுப்பு சொல்லித் தருகிறவரானாலும் மன உறுதி, கண்டிப்பு, ஊக்கப்படுத்தும் திறன் ஆகிய மூன்றும் குறைவாக இருந்தால் ஸ்டார் ஏறாது. ஆகவே அந்த மூன்று கட்டங்களுக்கும் மஞ்சள் வர்ணம். சீசன் முடிவில் எண் கூடியதா குறைந்ததா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

ஒருநாள் ராத்திரி மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள்.

"ஏங்க, மணி ஒண்ணாகுது. ஆபீஸ் வேலையா?"

"இல்ல. இந்த வேல்ஸ்காரரை கோர்ஸுக்கு அனுப்பணும். போர்டு பணம் தர மாட்டேங்குது."

"ஆபீஸ் வேலைதானே அது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வேல்ஸ்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் உருவாக்கிய ஆள். எங்களுக்கு லெஃப்ட் பேக் ஆடி ஓய்வு பெற்றவர். ஆட்டக்காரராக அப்படியொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மன உறுதி 17. அதைப் பார்த்து 18 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சாகப் போட்டேன். கையில் லைசென்ஸ் இல்லை. நேஷனல் சி, பி, ஏ, பிறகு கான்டினென்டல் சி, பி, ஏ, உச்சியில் ப்ரோ என்று இந்த விளையாட்டில் அது ஒரு நீண்ட ஏணி. ஒரு படி ஏற மாதக்கணக்காகும், செலவு கிளப்புடையது. கிளப் போர்டிடம் கேட்டேன், மறுத்தார்கள். அடுத்த சீசன் மறுபடியும் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். 2025 பதிப்பையே ரத்து செய்துவிட்டதாக அந்த வருஷம் பிப்ரவரியில் அறிவிப்பு வந்து ஊரெல்லாம் புலம்பியபோது எனக்கு உள்ளூர நிம்மதி. புதுப் பதிப்பு வந்து பழைய சேவ் கேமைக் கைவிட நேர்ந்தால், பாதி கோர்ஸில் இருக்கும் மனிதர் என்ன ஆவார்?

கான்டினென்டல் ஏ முடித்துக்கொண்டு வந்தார். இளைஞர்களோடு வேலை செய்யும் திறனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை அம்புக்குறி மேல்நோக்கி நின்றது. அதை ரசித்து முடிப்பதற்குள் இரண்டாம் அடுக்கில் இருக்கும் ஒரு கிளப் அவரை அணுகியிருப்பதாகச் செய்தி. புது ஒப்பந்தம் நீட்டினேன், பேசவே மாட்டேன் என்றுவிட்டார். நஷ்டஈடாக ஒரு தொகை வந்தது. கோர்ஸுக்குப் பணம் தர அழுத அதே போர்டு அதைப் பார்த்துவிட்டு என்னை மெச்சியது.

நிஜத்திலும் இப்படித்தான். மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் உதவியாளர் பிரையன் கிட் 1998 டிசம்பரில் பிளாக்பர்னுக்கு மேனேஜராகப் போனார். அடுத்து வந்த ஸ்டீவ் மெக்லாரன் 2001-இல் மிடில்ஸ்பரோவுக்கு. மேனேஜர் குவார்டியோலா பக்கத்தில் உதவியாளராக மூன்றரை ஆண்டு உட்கார்ந்திருந்த ஆர்டெடா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு. லைசென்ஸ் விவகாரமும் கதையில்லை. வில் ஸ்டில் என்ற இளைஞர் சிறு வயதில் எங்களைப் போல இந்த விளையாட்டே கதியென்று கிடந்தவர். 2022-இல் பிரான்ஸின் ரேம்ஸ் கிளப் அவரைப் பொறுப்பில் அமர்த்தியபோது வயது 30 கூடச் சரியாக ஆகவில்லை. ப்ரோ லைசென்ஸ் இல்லாததால் அவர் பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. லீக்கில் முதல் 17 ஆட்டங்கள் தோல்வியில்லாமல் போனதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. என் போர்டு அதைக் கேள்விப்பட்டிருந்தால் கோர்ஸே எதற்கு என்றிருக்கும்.

ஆனால் இந்த விளையாட்டு எனக்குக் காட்டிய பெரிய வேடிக்கை லைசென்ஸ் அல்ல, அசிஸ்டென்ட் மேனேஜர். ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற ஸ்டார்கள் கடவுள் எழுதியவை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவை அசிஸ்டென்டின் அபிப்பிராயம். இன்றைய திறனைக் கணிப்பதற்கு ஓர் எண், நாளைக்கு எங்கே போவான் என்று கணிப்பதற்கு ஓர் எண், இரண்டும் அவரிடம் உண்டு. அவை எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் அந்த ஸ்டார்களை நம்பலாம். 17 வயது நடுக்களப் பையன் ஒருவனுக்குப் பழைய அசிஸ்டென்ட் நாலு ஸ்டார் எதிர்காலம் போட்டிருந்தார். அவர் போய்ப் புதியவர் வந்த மறுநாள் பையனுக்கு இரண்டரை. பையன் அதே பையன், கால் அதே கால். ஓர் இரவுக்குள் ஒன்றரை ஸ்டார் ஆவியாகிவிட்டது.

இதை நான் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தது ஏப்ரல் மாதம். பகலில் ஆபீஸில் அப்ரைசல். நாங்கள் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம், எத்தனை பேருக்கு ஐந்து கொடுக்கலாம் என்று மேலிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். என் டீமில் போன வருஷம் 4 வாங்கிய பெண்ணுக்கு, புதிதாக வந்த மேலதிகாரி 3 போட்டார். ஏன் என்று கேட்டாள். எனக்குக் காரணம் தெரியும், ஆனால் அக்ரிங்டன் ஸ்டான்லியை உதாரணம் காட்டினால் எனக்கு 2 போடுவார்கள். கோர்ஸுக்கு அனுப்பச் சொல்லி அவள் கேட்டிருந்ததும் அப்படியே நிற்கிறது. படித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவாளாம். பகலில் சம்பளம் வாங்கிக்கொண்டு அரை மனதாகச் செய்கிற வேலையை ராத்திரி காசு கொடுத்து வாங்கி முழு மனதோடு செய்கிறேன்.

செட் பீஸ் மட்டும் பழி வாங்கிவிட்டது. ஆர்சனலில் நிக்கோலா ஜோவர் என்பவர் கார்னருக்கென்றே வேலை பார்த்துப் புகழ் பெற்றபின், 2024 பதிப்பில் செட் பீஸ் கோச் என்று தனிப் பதவியே வந்துவிட்டது. அன்று கடைசி ஆளிடம் தள்ளிய வேலைக்கு இன்று நேர்காணல் வைத்து ஆள் எடுக்கிறேன்.

இவ்வளவு கணக்கு எழுதியும் ஒன்று பிடிபடவில்லை. ஒரு பையனின் பாஸிங் 11-இலிருந்து 13 ஆனால் அது எந்தக் கோச்சால் ஆனது என்று விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. ஆடக் கிடைத்த நேரம், மைதான வசதி, அவனுடைய சொந்தக் குணம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஷீட்டில் நான் வேல்ஸ்காரர் பேரில் எழுதிய பெருமையில் பாதி அவருடையதாக இல்லாமலிருக்கலாம். அன்று ஸ்டாரை நம்பினோம், இன்று மஞ்சள் கட்டத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். பேர் தெரிந்திருப்பது கூடுதல் மகிழ்ச்சி.

புதிதாக ஆடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோச்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அசிஸ்டென்ட் மேனேஜரின் பக்கத்தைத் திறந்து, கணிக்கும் திறன் இரண்டும் எவ்வளவு என்று பாருங்கள். அவை குறைவாக இருந்தால் அவர் சொல்லி யாரையும் விற்றுவிடாதீர்கள்.