அரியணை தேடி 'அ' பதிவேட்டுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15 என்பார்கள். அன்று லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கலே பொங்கும். அதே அணைக்குக் கல் சுமந்த தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் யார்? 'ஆண்ட பரம்பரை' என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். கைநாட்டுக்காரருக்கு ஏது ஆவணம் என்று கேட்கலாம். ஏன், அந்தக் கைநாட்டேதான் ஆவணம்! கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டிலும் சார்பதிவாளர் அலுவலக அடமானப் பத்திரத்திலும் ஆள் அகப்படுவார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் கருப்பையா மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் கருப்பையா என்று கொஞ்சம் செக்குமாடாகச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள்களில் அரியணை இருக்காது. 1895-இல் தண்ணீர் வந்தபின் நஞ்சையான அரை ஏக்கரும், அதன்மேல் வாங்கிய கடனும்தான் இருக்கும்.