சீக்காளியாக இருக்கத் தெம்பு வேண்டும்

திருவனந்தபுரத்தில் நாள்பட்ட சீக்காளியாகக் காலம் தள்ள வேண்டுமா? முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். படி ஏற வேண்டும், டோக்கன் வாங்கி நிற்க வேண்டும், ‘அடுத்த வாரம் வாங்க’ என்பதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனசும் உடம்பும் சேர்ந்து படுத்தியவர்களுக்கு இதில் தனி யோகம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. மனநோயும் அதில் உண்டு. ஏற்றுக்கொண்ட கையோடு 40 சதவீதம் என்று ஒரு வேலியும் போட்டது. மனசை அளக்க நான்கு பாடங்கள்: தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். எத்தனை வருடச் சீக்கு என்பதற்கும் கொஞ்சம் போடுவார்கள். மொத்தம் 7 எடுத்தால் பாஸ். மெடிக்கல் போர்டுக்குப் போகிறோமே என்று மகனைக் குளிப்பாட்டி, தலை சீவி, சட்டைப் பித்தானையும் தானே மாட்டிவிட்டுக் கூட்டிவருகிற அம்மாவுக்கு இந்தப் பரீட்சையின் சூட்சுமம் தெரியாது. பையன் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறான், ஃபெயில். மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக் கொஞ்சம் தெளிந்திருந்தால் அதற்கும் அபராதம் உண்டு.

அடுத்தது கூட்டல் கணக்கு. உடம்புக்கு 25 சதவீதம், மனசுக்கு 20. நீங்களும் நானும் கூட்டினால் 45. அரசாங்கம் அப்படிக் கூட்டாது. 90இல் 25ஐக் கழித்து, மிச்சத்தை 20ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததை 25ஓடு சேர்க்கும். 39.4. வேலியைத் தாண்ட 0.6 குறைகிறது. வீட்டுக்குப் போய் நோயை இன்னும் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு வரலாம்.

மனநலம் என்றாலே இந்த ஊரில் ஊளம்பாறை. 1870இல், மன்னராட்சியில் தொடங்கிய மருத்துவமனை. மலையாள சினிமாவுக்கு இன்றும் தீராத காமெடி டிராக். தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நாம் கீழ்ப்பாக்கத்தை வைத்துப் பிழைத்தவர்கள். 2001இல் ஏர்வாடியில் 28 மனநோயாளிகளைச் சங்கிலியோடு எரியவிட்டவர்கள்.

சரி, எப்படியோ 40ஐத் தாண்டிவிட்டீர்கள். கேரள அரசின் பென்ஷன் மாதம் 1,600 ரூபாயாக இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வாசலுக்கு வந்துவிட்டதால் 2025 நவம்பரிலிருந்து அது 2,000 ஆனது. ஒன்றிய அரசின் தாராளத்தையும் விட்டுவிடக் கூடாது: 80 சதவீதக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழான வாழ்வும் வாய்க்கப்பெற்றவருக்கு அது தருவது மாதம் 300. நாளுக்குப் பத்து ரூபாய். தம்பானூரில் ஒரு சாயாவுக்குக் காணாது.

வருடா வருடம் ‘மஸ்டரிங்’ வேறு. இன்னும் சாகவில்லை என்று அக்ஷயா இ-சேவை மையத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கட்டணம் 30 ரூபாய். படுத்த படுக்கை என்றால் வீட்டுக்கே வருவார்கள், 50. பென்ஷன் வந்ததோ இல்லையோ, உயிரோடு இருப்பதற்கான கட்டணம் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்.

ஆனால் மாதக்கணக்கில் பென்ஷன்தான் வரவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ், இந்தப் பென்ஷன்களின் பேரைச் சொல்லியே. பாளையத்தில் போட்டாலும் பாறசாலையில் போட்டாலும் பம்பில் ஒரு நாள் கடன் கிடையாது. 2024 ஜூலையிலோ, ஐந்து மாதப் பாக்கியை இரண்டு நிதியாண்டுகளில் தவணையாகத் தீர்ப்போம் என்று முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் அறிவித்தார். தவணை வரும்வரை காத்திருக்கக் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு முதியவர் இல்லை. அவர் மாற்றுத்திறனாளி. பென்ஷன் தராவிட்டால் செத்துப்போவேன் என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வருட ஜனவரியிலேயே சொன்னபடி செய்துவிட்டார். மூன்று மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்ன பதில்: பென்ஷன் யாருடைய உரிமையும் அல்ல, உதவி; எப்போது கொடுப்பது என்பதை அரசு முடிவு செய்யும்.

உதவி என்று ஆகிவிட்டால் நன்றிக்கடனும் கூடவே வந்துவிடும். 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் கட்சி தோற்றதும், பென்ஷனை வாங்கித் தின்றுவிட்டு எதிராகக் குத்திவிட்டார்களே என்று மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். மணி பொங்கினார். பிறகு வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டார். மனசில் இருந்தது வெளியே வந்தது வந்ததுதான்.

உரிமை என்று நீதிமன்றமே சொன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி தெளித்ததில் சிதைந்தவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம், மூன்று மாதத்துக்குள் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. 2022இல் திரும்பிப் பார்த்தால், 3,704 பேரில் பணம் கைக்கு வந்தது 8 பேருக்கு. அந்த எட்டுப் பேரும் அவமதிப்பு வழக்குப் போட்டவர்கள். அந்த அக்டோபரில் சமூக சேவகர் தயாபாய் தலைமைச் செயலகத்தின் வாசலில் பட்டினி கிடந்தார். கேட்டுக்கு உள்ளே கோப்புகள் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

பென்ஷன் யாருக்குத்தான் தடையில்லாமல் போனது? 2024 நவம்பரில் நிதித்துறை பட்டியலைத் துருவியபோது 1,458 அரசு ஊழியர்கள் சிக்கினார்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் உண்டு; சுகாதாரத் துறையில் மட்டும் 373 பேர். மலப்புறத்தில் பி.எம்.டபிள்யூ. கார் வைத்திருந்தவர்களும் ஏழைகள் பட்டியலில் இருந்தார்கள். இவர்களும் அக்ஷயாவில் விரல் வைத்திருப்பார்கள். ரேகை முதல் தடவையிலேயே பதிந்திருக்கும். மாட்டிய ஊழியர்கள் 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சபாஷ். அரசு பாக்கி வைத்த ஐந்து மாதத்துக்குச் சீக்காளிக்கு எத்தனை சதவீதம்?